எழுத்து ஒத்துப்போனால் மொழியும் ஒன்றாகிவிடுமா?

வரலாற்று மொழியியல் கற்பிக்கிறேன் என்பதால் ஸ்பெயினின் பழைய வெண்கலப் பட்டயங்களின் படங்கள் வாட்ஸ்அப்பில் எனக்கு அடிக்கடி வரும். "எழுத்து தமிழி மாதிரியே இருக்கே சார், தமிழாகப் படிக்கலாமா?" என்ற கேள்வியும் கூடவே வரும். ஆர்வம் நல்லதுதான். ஆனால் இந்த வழியில் போனால் எந்த மொழியையும் எந்த மொழியாகவும் படித்துவிடலாம்.

அந்தப் படங்களில் பல, பழங்கால ஸ்பெயினில் பேசப்பட்ட கெல்டிபீரிய மொழியில் உள்ளவை. கி.மு. 2, 1ஆம் நூற்றாண்டுகளில் இந்த மொழியை எழுதியவர்கள், பக்கத்தில் வேறு மொழி பேசிய ஐபீரியர்களின் எழுத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஸ்பானிய அறிஞர் மானுவேல் கோமெஸ் மொரேனோ 1920களில் அந்த எழுத்தின் ஒலிகளைக் கண்டறிந்தார். கெல்டிபீரியம், ஐரிஷ், வெல்ஷ் மொழிகள் சேர்ந்த கெல்டிக் குடும்பம் என்று பிறகு உறுதியானது. ஐபீரிய மொழியையோ இன்றும் வாய்விட்டுப் படிக்கலாம், பொருள் புரியாது. எழுத்து ஒன்று, மொழிகள் இரண்டு, உறவு கிடையாது.

இந்த எழுத்தில் வல்லின ஒலிகளுக்கு அசைக்குறிகள்தான் உண்டு, அதாவது மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரே குறி. 'கடல்', 'பகல்' இரண்டுக்கும் நாம் ஒரே 'க' போடுவதுபோல அங்கேயும் பெரும்பாலும் ஒரே குறி. இவ்வளவு நெகிழ்வு இருக்கும்போது ஒலி ஒற்றுமை மிகச் சுலபமாகக் கிடைக்கும். அதனால்தான் நாங்கள் விகுதிகளைப் பார்க்கிறோம்.

பாரிஸில் தேசிய நூலகத்தில் கை வடிவில் ஒரு சிறிய வெண்கலத் துண்டு இருக்கிறது. ஒருவரையொருவர் விருந்தினராக ஏற்கும் உறவுக்கு அடையாளமாக வைத்துக்கொண்டது. அதில் உள்ளது இவ்வளவுதான்: 'லுபோஸ் அலிஸோகும் அவலோ கெ கொன்தெபியஸ் பெலைஸ்கஸ்'. அலிஸோகும் குலத்து, அவலோஸின் மகன் லுபோஸ், கொன்ட்ரெபியா பெலைஸ்கா ஊரிலிருந்து. '-கும்' குலப்பெயரின் ஆறாம் வேற்றுமைப் பன்மை, அவலோவின் '-ஓ' அதே வேற்றுமையின் ஒருமை, 'கெ' மகன் என்பதன் சுருக்கம். லுபோஸின் ஸ் எழுவாய்க்குரியது. ஊர்ப்பெயரின் ஸ் 'இலிருந்து' என்ற பொருள் தருவது, அதற்கு வேறு எழுத்து. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது, மூலத்தில் அப்படியில்லை.

சரி, இதுவும் ஊகமாக இருக்கக்கூடாதா? அந்த ஊர் இருந்த இடம் ஸரகோஸாவுக்கு அருகிலுள்ள இன்றைய போட்டோரிட்டா. அங்கே 1992இல் கிடைத்த பட்டயத்தில் இருநூறுக்கும் மேற்பட்டோரின் பெயர்கள், அதே '-கும்' குலப்பெயர்களோடு வரிசையாக வருகின்றன. ஒரே விகுதி வேறொரு பட்டயத்திலும் அதே வேலையைச் செய்தால்தான் அது சான்று.

அதே ஊரில் 1970இல் கிடைத்த முதல் பட்டயத்தில் 'தொகொய்தோஸ்குவே ஸர்னிகியோகுவே' என்று வருகிறது. இரு சொல்லிலும் ஒட்டிய '-குவே', நம் 'உம்' போல. இலக்கணம் இவ்வளவு தெளிந்தும் அந்தப் பட்டயத்தை எப்படி மொழிபெயர்ப்பது என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஆகவே யாராவது யூடியூபில் முழுப் பட்டயத்தையும் தடையில்லாமல் பெயர்த்துச் சொன்னால் உடனே பகிராதீர்கள்.

அப்புறம், எங்கே தோண்டி எடுத்தது என்று கேளுங்கள். தொல்பொருள் சந்தையில் விற்பனைக்கு வரும் துண்டுகள் பலவற்றுக்குக் கண்டெடுத்த இடமே தெரியாது, போலிகளும் உண்டு. மெட்டல் டிடெக்டரோடு திருட்டுத்தனமாகத் தோண்டுகிறவர்கள், ஒரு துண்டு எந்த வீட்டில், எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்ற தகவலையே அழித்துவிடுகிறார்கள். எனக்குப் படம் அனுப்பும்போது கண்டெடுத்த இடத்தையும் இப்போது அது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்து அனுப்புங்கள், அங்கிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.