பாதி வழியில் நிற்கும் சைக்கிள்

"மாமா, பாதி சுத்துது. அப்புறம் அங்கயே நின்னு, வந்த வழியே திரும்பி வந்து முட்டில அடிக்குது. ஏன்?"

மதுரைக்குப் பக்கத்தில் ஒத்தக்கடையில் எங்கள் தெருவில் இருக்கும் பதினோராம் வகுப்புப் பையன் போன மாதம் கேட்ட கேள்வி. அவன் வைத்திருப்பது 20 அங்குலச் சக்கரம் போட்ட டிரையல்ஸ் சைக்கிள். பெங்களூரில் யாரிடமோ பழையதாக வாங்கியது. பாறை, சுவர், படிக்கட்டு என்று காலைத் தரையில் ஊன்றாமல் குதித்தே ஏறுவதற்கென்று செய்யப்படும் வண்டி என்பதால் அதில் உட்கார சீட்டே கிடையாது. யானைமலை அடிவாரத்தில் தட்டையாக ஓர் இடம் பார்த்து வைத்துக்கொண்டு, வெயில் தாழ்ந்த பிறகு தினமும் அங்கே டெயில்விப் பழகுகிறான்.

டெயில்விப் என்றால் இதுதான். ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்தபடியே கால்களைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டு, வண்டியின் பின்னுடம்பை மட்டும் சுழற்ற வேண்டும். பிரேம், பெடல், செயின், பின்சக்கரம் எல்லாம் சேர்ந்து ஹேண்டில்பாரைச் சுற்றி 360 டிகிரி வரும். வந்து சேரும்போது கால்களால் பிடித்து ஏறிக்கொள்ள வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில், சின்னச் சைக்கிளில் வித்தை காட்டும் பிஎம்எக்ஸ் ஃப்ரீஸ்டைல் போட்டி முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, அந்தரத்தில் பறந்தபடி இதைச் செய்தவர்களை நீங்கள் பார்த்திருக்கலாம். நம் பையன் பழகுவது தரையில் செய்யும் வகை. மெதுவாக ஓட்டி வந்து, முன்டயருக்கும் அதைப் பிடித்திருக்கும் கவையான ஃபோர்க்குக்கும் நடுவில் காலைச் செருகி முன்சக்கரத்தை நிறுத்துவான். ஓடி வந்த வேகத்தில் பின்பக்கம் தானே மேலே எழும். அந்த நேரத்தில் மற்றக் காலால் பிரேமைப் பக்கவாட்டில் தள்ளிவிட வேண்டும். இதற்கு ஃபுட்ஜாம் என்று பெயர்.

வண்டியை ஒரே பொருளாக நினைத்தால் இது புரியாது. ஹேண்டில்பார், ஃபோர்க், முன்சக்கரம் ஒரு பொருள். மீதி எல்லாம் இன்னொரு பொருள். இரண்டையும் இணைப்பது கழுத்துக் குழாயில் இருக்கும் பால்ரஸ் மட்டுமே. கதவுக்குக் கீல் எப்படியோ, அப்படி.

சுழல்வது எவ்வளவு எளிது என்பதைச் சொல்வது நிலைமத் திருப்புத்திறன். பதினோராம் வகுப்புப் பாடம்தான். நிறையைத் தூரத்தின் இருமடியால் பெருக்க வேண்டும். பின்சக்கரம் கீலிலிருந்து 10 சதவீதம் தள்ளிப் போனால், அந்தச் சக்கரத்தின் பங்கு 21 சதவீதம் கூடிவிடும். சின்னச் சக்கர வண்டி நீளத்திலும் குட்டை, சக்கரமும் லேசு. 26 அங்குல வண்டியை விட இது சட்டென்று சுழல்வதற்குக் காரணம் அவ்வளவுதான். சீட் இல்லாததால் பிரேம் காலுக்கடியில் வரும்போது தடுக்கவும் ஒன்றுமில்லை.

பின்பிரேக் வயர் ஹேண்டில்பாரிலிருந்து பிரேமுக்குப் போகிறதே, ஒரு சுற்றுச் சுற்றினால் அறுந்துவிடாதா? 1980-களில் அமெரிக்காவில் பிரையன் ஸ்குரா இதற்கு ஒரு வழி கண்டார். கழுத்தைச் சுற்றி இரண்டு வளையத் தட்டுகள், நடுவில் பால்ரஸ். மேல்தட்டை ஒரு வயர் இழுக்கும், கீழ்த்தட்டு பிரேக்கை இழுக்கும். தட்டுகள் ஒன்றாக மேலே கீழே போகும், ஆனால் தனித்தனியாகச் சுழலும். டிரையல்ஸ் வண்டிகளில் பெரும்பாலும் இது இருக்காது. பிரேக் வயரையோ குழாயையோ நீளமாக விட்டு, ஒரு சுற்றுக்கு இடம் கொடுத்து வைத்திருப்பார்கள். நம் பையனும் அப்படித்தான் வைத்திருக்கிறான். சுற்றி முடித்ததும் எதிர்ப்பக்கம் ஒருமுறை சுற்றி அவிழ்த்துவிட வேண்டும்.

சரி, பாதியில் ஏன் நிற்கிறது?

பழைய வீடுகளில் நிலை சாய்ந்துபோன கதவைப் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு திறந்து வைத்தாலும் மெல்ல நகர்ந்து தானே மூடிக்கொள்ளும். காற்று தள்ளுகிறது என்பார்கள், ஆவி என்றும் சொல்வார்கள். கீல் அச்சு சாய்ந்திருந்தால் கதவு திறக்கும்போது அதன் எடை சற்று மேலே ஏறுகிறது. ஏறிய எடை இறங்கத்தானே பார்க்கும்?

சைக்கிளின் கீலும் சாய்ந்ததுதான். ஃபோர்க் நேராக நிற்பதில்லை. செங்குத்திலிருந்து ஏறத்தாழ 15 முதல் 20 டிகிரி வரை, மேல்முனை ஓட்டுபவரை நோக்கிச் சாய்ந்திருக்கும். அதனால் வண்டி இயல்பாக நிற்கும் நிலையில், பின்னுடம்பு தன் சுற்றுப்பாதையின் மிகத் தாழ்ந்த புள்ளியில் இருக்கிறது. ஹேண்டில்பாரை ஆட்டாமல் பின்னுடம்பை முன்பக்கம் வரை சுற்றினால், பின்சக்கரத்தின் அச்சு தொடங்கிய இடத்தைவிட அரை மீட்டர் உயரத்துக்குப் போய்விடும். 17 டிகிரி சாய்வை வைத்துத் தாளில் போட்டுப் பார்த்தபோது 54 சென்டிமீட்டர் வந்தது. பின்னுடம்பு 6 கிலோ, அதன் எடை மையம் அதில் பாதி உயரம் ஏறுகிறது என்று வைத்தால் சுமார் 16 ஜூல் ஆற்றல் வேண்டும். ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று அதிகமான அரிசியை ஒரு மீட்டர் தூக்கும் வேலை. பக்கவாட்டில் ஒரு காலால் தள்ளும் தள்ளில் இது முழுவதும் வந்தாக வேண்டும். வராவிட்டால் கதவு பாதி திறந்து, நின்று, திரும்பி வந்து அடிக்கும். முழங்காலில்.

இன்னும் ஓங்கித் தள்ளு என்பது ஒரு தீர்வு. அவன் மூன்று வாரம் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு வேறு. கீல் அவன் கையில் இருக்கிறது! கதவுக்கு நிலையை ஆட்ட முடியாது, சைக்கிளுக்கு முடியும். ஹேண்டில்பாரை முன்னால் தள்ளினால் அச்சு நிமிர்ந்து செங்குத்தாகிவிடும். அப்போது பின்னுடம்பு ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம், தட்டையாகச் சுற்றும். இன்னும் கொஞ்சம் தள்ளினால் அச்சு முன்பக்கம் சாயும். இப்போது தாழ்ந்த புள்ளி முன்னால் போய்விட்டது. பின்னுடம்பு தானே முன்பக்கம் 'விழும்'. அது முன்பக்கத்தைத் தாண்டும் கணத்தில் ஹேண்டில்பாரை மார்பை நோக்கி இழுத்தால், தாழ்ந்த புள்ளி மறுபடி பின்னால் வந்துவிடும். பின்னுடம்பு இரண்டாம் பாதியையும் விழுந்தே முடிக்கும். ஒரு சுற்றில் இரண்டு இறக்கம், ஏற்றமே இல்லை. ஏற்றத்துக்கான ஆற்றலைக் கையும் முதுகும் கொடுத்துவிட்டன, காலுக்கு வேலை குறைந்துவிட்டது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். விளிம்பு வைத்த எவர்சில்வர் தட்டில் ஒரு கோலிக்குண்டைப் போடுங்கள். விளிம்பை ஒட்டி அதை ஓட வைக்க என்ன செய்வீர்கள்? குண்டு போகப்போகும் பக்கத்தை அதற்கு ஒரு கணம் முன்பாகவே தாழ்த்துவீர்கள். பள்ளம் முன்னால் ஓட, குண்டு அதைத் துரத்தும். பையனை உட்கார வைத்து இதைத்தான் செய்யச் சொன்னேன். கால் மணி நேரம் தட்டோடு விளையாடிவிட்டு, "பள்ளத்த நான் கொண்டு போகணும்" என்றான். பாடப்புத்தகம் இதைவிட நன்றாகச் சொல்லிவிடாது.

சாய்ந்த கீலுக்கு இன்னொரு பெருமை உண்டு. அச்சு செங்குத்துக்கு நெருங்க நெருங்க, கதவு திரும்பி வரும் வேகம் குறையும், நிலம் இம்மி சாய்ந்தாலும் பெரிதாக நகரும். இதை வைத்துத்தான் ஆங்கிலேய நிலநடுக்க ஆய்வாளர் ஜான் மில்ன் தன் நிலநடுக்கமானியை அமைத்தார். அந்த வகைக் கருவி ஒன்று நம் பக்கத்துக் கொடைக்கானல் வானாய்வகத்திலும் இருந்தது. அதே கொடைக்கானலில் 1904 முதல் சூரியனைப் படம்பிடித்து வருகிறார்கள். உடனே பலன் தெரியாத வேலைக்கு நூறு ஆண்டுக்கு மேல் பணம் ஒதுக்கியதால்தான் அப்படி ஒரு சேமிப்பு நம்மிடம் இருக்கிறது. அந்தப் பொறுமை பள்ளி ஆய்வகங்களுக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை. சுழலும் நாற்காலி ஒன்று, கையில் பிடிக்க இரண்டு எடைகள். கோண உந்தத்தை, அதாவது ஒரு பொருளிடம் எவ்வளவு சுழற்சி இருக்கிறது என்ற அளவை, உடம்பால் உணர இது போதும். நான் போய்ப் பேசிய பள்ளிகள் பலவற்றில் அதுகூட இல்லை.

பையன் இரண்டாவது முறை விழுந்தபோது அவனுடைய அப்பத்தா ஹேண்டில்பாரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிவிட்டார். செவ்வாய்க்கிழமை வண்டியைத் தொடக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். அவருடைய பயம் உண்மையானது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை ஆட்டிப் பார்த்தபோது கழுத்து டக்டக்கென்று ஆடியது. பால்ரஸ் தளர்ந்து, கிண்ணம் தேய்ந்திருந்தது. கீல் ஆடினால் கதவு நினைத்த பாதையில் வராது. அப்பத்தாவையே பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை ஆட்டிக் காட்டினேன். அவரே சைக்கிள் கடைக்குக் காசு கொடுத்தார், முழங்கால் கவசத்துக்கும் சேர்த்து. கவசம் கட்டாயம் வேண்டும். அந்தரத்தில் 0.6 வினாடியில் ஒரு சுற்று என்றால், கீலிலிருந்து அரை மீட்டருக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் பெடல் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்தில் காலை நோக்கி வருகிறது. டிரையல்ஸ் பெடலில் வழுக்காமல் இருக்கப் பற்கள் வேறு வைத்திருப்பார்கள்.

போன ஞாயிறு முழுச் சுற்று வந்துவிட்டது. பத்தில் நான்கு முறை. இப்போது அவனுக்கு அடுத்த ஆசை, குதித்துச் சுழற்றுவது. அங்கே கணக்கு மாறும். காற்றில் இருக்கும்போது ஆளும் வண்டியும் ஒன்றாக விழுவதால் கதவுக்கு எடையே தெரியாது, பள்ளமும் மேடும் இல்லை. ஹேண்டில்பாரைச் சாய்த்து ஈர்ப்பு விசையிடம் உதவி கேட்க முடியாது. தரையை விட்ட பிறகு மொத்தக் கோண உந்தம் மாறவும் மாறாது. பிரேமை ஒரு பக்கம் தள்ளினால் உடம்பு மறுபக்கம் திரும்பிவிடும். ஆகவே கிளம்பும் கணத்திலேயே, டயர் தரையில் பிடிமானத்தோடு இருக்கும்போதே, சுழற்சியைத் தொடங்கி வைக்க வேண்டும். அரை மீட்டர் உயரம் எழுந்தால் கிடைப்பது 0.64 வினாடி. தள்ள, சுற்ற, பிடிக்க எல்லாம் அதற்குள்.

வைகைக்குள் மணல் இருக்கும் இடமாகப் பார்த்து, மேலே வைக்கோல் பரப்பிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். ஒரு வண்டி வைக்கோலுக்கு அப்பத்தா ஏற்கெனவே ஆள் அனுப்பிவிட்டார்.