முதல் மாத்திரைக்கு முன்னே ஒரு காத்திருப்பு

மாட்டுத்தாவணிச் சந்தையில் நாள் முழுவதும் மூட்டை சுமக்கும் ஒருவர், இடுப்பு வலிக்கென்று தொடங்கிய ட்ரமடால் மாத்திரையை நாளடைவில் விட முடியாதவராக ஆகிவிடக்கூடும். நிறுத்தினால் மறுநாளே கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை என்று உடல் படுத்தியெடுக்கும். வீட்டார் அதை மன உறுதி இல்லாமை என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஹெராயினும், வலி மாத்திரைகளான ட்ரமடால், டேப்பென்டடாலும் அபினைப் போலச் செயல்படுபவை; யாவும் நரம்பணுக்களிலுள்ள 'மியூ' ஏற்பி என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டே வேலை செய்கின்றன. மூளைத்தண்டில் நார்அட்ரினலினைச் சுரக்கும் சிறு நரம்பணுத் திரள் ஒன்றை இவை அடக்கி வைக்கின்றன. நாளாக ஆக, அந்த அடக்கத்தையும் மீறி இயங்குவதற்காக அவ்வணுக்கள் தம் உள்வேதிவினைகளை முடுக்கிக்கொள்கின்றன. போதைப்பொருள் திடீரென்று விலகினால் முடுக்கம் மட்டும் எஞ்சி நிற்கும். நாடி விரைகிறது, கண்பாவை விரிகிறது, மதுரையின் சித்திரை வெயிலிலும் தோல் சில்லிட்டு மயிர்க்கூச்செறிகிறது. ஹெராயினில் 8 முதல் 12 மணி நேரத்துக்குள் தொடங்கும் இத்துன்பம், இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்தைத் தொட்டு, ஒரு வாரத்தில் பெரும்பாலும் தணியும்.

அந்த ஒரு வாரத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்தால் போதும் என்ற நம்பிக்கைதான் எனக்குப் பெருங்கவலை தருகிறது. வேட்கை அத்துடன் ஓய்வதில்லை. ஆனால் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடுகிறது. பழைய அளவையே மீண்டும் எடுப்பவருக்கு மூச்சு நின்றுவிடலாம்.

ஆகவேதான் மருத்துவர்கள் புப்ரினார்பின் என்ற மருந்தை நாடுகிறார்கள். நாவின் அடியில் வைத்துக் கரையவிடும் இம்மாத்திரையை உலக சுகாதார நிறுவனம் 2005இல் இப்போதைச் சார்புக்கான சிகிச்சையின் இன்றியமையா மருந்துகளில் சேர்த்தது. இது ஏற்பியை மிக இறுக்கமாகப் பற்றும், ஆயினும் ஓரளவே தூண்டும். அதனால் துன்பம் தணிகிறது, மூச்சு ஒடுங்கும் ஆபத்தும் ஓர் எல்லைக்கு மேல் பெரிதாகக் கூடுவதில்லை. ஆனால் அந்த இறுக்கத்திலேயே ஓர் இடர் இருக்கிறது. ஹெராயின் உடலில் நிறைந்திருக்கும்போதே இதைக் கொடுத்தால், அதை ஏற்பியிலிருந்து தள்ளிவிட்டுத் தான் அமர்ந்துகொள்ளும். முழுத் தூண்டல் சட்டென்று பாதியாகச் சரிந்து, நாட்கணக்கில் வரவேண்டிய வேதனை ஓரிரு மணி நேரத்துக்குள் மொத்தமாக இறங்கும். அப்படி அவதிப்பட்டவர் சிகிச்சையையே வெறுத்துவிடக்கூடும். எனவே கடைசியாக எடுத்துப் பொதுவாக 12 மணி நேரமாவது கழிந்து, மேற்சொன்ன அறிகுறிகள் தெளிவாகத் தென்பட்ட பிறகே மருத்துவர் முதல் மாத்திரையைத் தருவார். இதே வகையைச் சேர்ந்த மெத்தடோன் என்ற மருந்து போல உடலில் நெடுநேரம் தங்கும் பொருளானால் இன்னும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும்.

"கடைசியாக எப்போது, என்ன எடுத்தீர்கள்?" என்ற கேள்விக்கு உண்மையான பதில் இன்றியமையாததாவது இதனால்தான். போலீசுக்கு அஞ்சிப் பலர் மறைக்கிறார்கள். தாமாக முன்வந்து, அரசு ஏற்ற இடத்தில் சிகிச்சையை முழுமையாக மேற்கொள்பவருக்கு, உட்கொண்டதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ தொடரப்படும் வழக்கிலிருந்து 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு விலக்களிக்கிறது. மதுரைக்காரர்கள் பெரியாஸ்பத்திரி என்றழைக்கும் அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் முதற்கட்ட ஆலோசனை கேட்கலாம். வெளியே சொல்லத் தயங்குவோர் 14446 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணை அழைக்கலாம்.