ஸ்லாக்டர்ஸ்நெக்: புரட்சியா, கிளர்ச்சியா?

1815இல் தென்னாப்பிரிக்காவில், பிரிட்டிஷார் ஆண்ட கேப் குடியேற்றத்தின் எல்லையில், ஸ்லாக்டர்ஸ்நெக் என்ற இடத்தில் முடிந்த எழுச்சியை ‘டச்சு விவசாயிகளின் புரட்சி’ என்று எழுதுகிறார்கள். இது தவறு. புரள், புரட்டு என்பவற்றின் வழி வந்தது புரட்சி: கீழது மேலாவது. கிளர் என்றால் மேலெழு, அதிலிருந்து கிளர்ச்சி.

தோற்றதால் அதைப் புரட்சி என்று சொல்லக்கூடாது என்பதல்ல என் வாதம். 1848இல் ஐரோப்பாவில் எழுந்தவை பெரும்பாலும் தோற்றன. ஆனாலும் அவை புரட்சிகளே. பார்க்க வேண்டியது நோக்கத்தை. ஃபிரெடரிக் பெசாய்டன்ஹவுட் என்ற போயர் (டச்சு வழிக் குடியேறி), கோய்கோய் என்ற பூர்வகுடியைச் சேர்ந்த வேலையாளைக் கொடுமைப்படுத்தியதாகப் புகார். நீதிமன்றம் பலமுறை அழைத்தும் போகவில்லை. 1815 அக்டோபர் 10 அன்று பிடிக்க வந்த படையில் இருந்தவர்கள் கோய்கோய் சிப்பாய்கள். அவர் குகைக்குள் பதுங்கிச் சுட்டார், சுடப்பட்டு இறந்தார். பழிவாங்கச் சபதமிட்ட அவருடைய சகோதரர் ஹான்ஸ், எல்லைக்கு அப்பாலிருந்த கோசா மக்களின் தலைவர் ங்கிகாவிடம் துணை கேட்டு ஆளனுப்பினார், ங்கிகா மறுத்துவிட்டார். நவம்பர் 18இல் ஸ்லாக்டர்ஸ்நெக்கில் அரசுப் படை எதிர்ப்பட்டதும் ஹான்ஸோடு சேர்ந்தவர்களில் பலர் சரணடைந்தார்கள்.

வேலையாள் எசமானன்மீது வழக்குத் தொடுத்ததுதான் அங்கே நடந்த புரட்டல். அதைத் தடுத்துப் பழைய நிலையைக் காக்கத் துப்பாக்கி தூக்கியவர்களுக்குப் புரட்சியாளர் பட்டம் கொடுப்பது, புகார் சொன்ன அந்த வேலையாளுக்குச் செய்யும் அநீதி. ஆங்கில நூல்கள்கூட இதைப் பொதுவாகப் புரட்சி என்பதில்லை. அகராதியில் முதலில் கண்ணில் படும் சொல்லைப் பிடித்துக்கொள்கிற அவசரம் மொழிபெயர்ப்பாளருக்கு ஆகாது.

‘கலகம்’ என்றால்? அது ஆள்வோர் சூட்டும் பெயர். நாரதர் மூட்டுவதும் கலகம், தெருச்சண்டையும் கலகம். கிளர்ச்சி யார் பக்கமும் சாயாத சொல். ஆனால் மறியலையும் கிளர்ச்சி என்கிறோமே. அதனால் இங்கே ‘ஆயுதக் கிளர்ச்சி’ என்றால் மயக்கம் வராது. செய்தவர்கள் ‘எல்லைப்புறக் குடியேறிகள்’. வெறும் ‘விவசாயிகள்’ என்றால் அவர்கள் மண்ணின் மைந்தர்களாகத் தோன்றிவிடுவார்கள்.

இன்னொன்று: ‘கசாப்புக்காரன் கழுத்து’ என்று இடப்பெயரையும் பெயர்க்கிறார்கள். டச்சில் ‘நெக்’ கழுத்துதான். நிலத்தைச் சொல்லும்போது இரு குன்றுகளுக்கிடையே தாழ்ந்த கணவாய். கிளர்ச்சிக்காரர்களுக்குக் கிடைத்த தூக்குத் தண்டனையைப் பற்றிப் படித்தவர்கள், கழுத்து என்றதும் இந்தப் பெயரே அதனால் வந்தது என்று நம்பிவிடுகிறார்கள். பெயர் அதற்கு முந்தியது. 1816 மார்ச் 9 அன்று ஐவரைத் தூக்கிலிட்டபோது நான்கு கயிறுகள் அறுந்து, மறுபடி ஏற்றினார்கள். அது நடந்த இடமும் வேறு, வான் ஆர்ட்ஸ்போஸ்.