கான்ஷியன்ஸ்: உடனறிதலும் மனச்சான்றும்

‘உடன்’ எனப் பொருள்படும் முன்னொட்டும் ‘அறிதல்’ எனப் பொருள்படும் வினையும் சேர்ந்த இலத்தீன் சொல்லொன்று பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தை அடைந்து ‘கான்ஷியன்ஸ்’ ஆயிற்று. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே இங்குக் கேள்வி. உடனறிதல் என்பதே அதன் வேர்ப்பொருள். ஒருவன் செய்ததை அவனோடு சேர்ந்து இன்னொருவரும் அறிந்திருப்பது முதல் நிலை. அந்த இன்னொருவராக அவனுடைய உள்ளமே நிற்பது அடுத்த நிலை. உள்ளறிவைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘இன்விட்’ என்ற சொந்தச் சொல்லும் இருந்தது. 1340இல் தென்கிழக்கு இங்கிலாந்தின் கென்ட் வட்டார வழக்கில் எழுதப்பட்ட சமய நூலொன்றின் தலைப்பில் அது இடம்பெற்றது, பின்னர் வழக்கொழிந்தது.

இச்சொல்லைப் போர்க்களத்தில் வைத்துப் பார்க்க, ஷேக்ஸ்பியரின் ‘ஐந்தாம் ஹென்றி’ (1599) நாடகத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. பிரான்சின் அரியணைக்கு உரிமை கோருமுன், நியாயத்தோடும் மனச்சான்றோடும் இதை நான் கோரலாமா என்று அரசன் கேன்டர்பரிப் பேராயரிடம் கேட்கிறான். அந்தப் பாவம் என் தலைமேல் என்கிறார் அவர். 1415இல் நடந்த அஜின்கோர்ட் போருக்கு முந்திய இரவில், மாற்றுடையில் பாசறையைச் சுற்றிவரும் அதே அரசன், மன்னருடைய வழக்கு நியாயமானது என்று வீரர்களிடம் சொல்லும்போது, வில்லியம்ஸ் என்னும் எளிய வீரன், அது நாங்கள் அறியாத செய்தி என்கிறான். அந்த ‘அறியாத’ என்பதில்தான் முழு வழக்கும் அடங்கியிருக்கிறது; கொல்லவும் சாகவும் அனுப்பப்படுகிறவனுக்கு உடனறியும் வாய்ப்பே தரப்படவில்லை. வழக்கு நல்லதல்லவெனில், வெட்டுண்ட கால்களும் கைகளும் தலைகளும் இறுதி நாளில் ஒன்றுகூடி, இன்ன இடத்தில் மடிந்தோம் என்று கூவும்போது அரசன் பெருங்கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்றும் அவன் எச்சரிக்கிறான். உறுப்புகளே சாட்சிக் கூண்டில் ஏறும் காட்சி இது.

மனச்சான்று ஆயிரம் சாட்சிகளுக்குச் சமம் என்பது பழைய இலத்தீன் பழமொழி. ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டு, பாஸ்வொர்த் போருக்கு முன் கனவில் அஞ்சி எழுந்து, என் மனச்சான்றுக்கு ஆயிரம் நாக்குகள், ஒவ்வொன்றும் என்னைக் கொடியவன் என்கிறது எனப் புலம்புகிறான். விடிந்தபின், அது கோழைகள் வழங்கும் வெறும் சொல் என்று ஒதுக்கிவிடுகிறான்.

பேரரசு பேசும்போது இச்சொல் என்னவாகிறது என்பதை ஆங்கிலக் கவிஞர் மில்டன் 1667இல் வெளியான ‘இழந்த சொர்க்கம்’ காவியத்தின் நான்காம் காண்டத்தில் காட்டுகிறார். தொடக்கத்தில் சாத்தானின் மனச்சான்று உறங்கிய விரக்தியை எழுப்புகிறது. பின்னர், ஆதாம் ஏவாளின் கள்ளமின்மை கண்டு இளகியும், பொதுநலம், மானம், புத்துலகை வென்று விரியும் பேரரசு ஆகியவை என்னைக் கட்டாயப்படுத்துகின்றன என்கிறான். கட்டாயம் என்பது கொடுங்கோலரின் சாக்கு என்று கவிஞரே இடைமறித்துச் சொல்கிறார். அமெரிக்க மண்ணில் ஐரோப்பியர் குடியேற்றங்களைப் பெருக்கிய நூற்றாண்டில் எழுதப்பட்ட வரி இது என்பதை மறந்து படிக்க என்னால் இயலவில்லை.

தமிழில் பேச்சுவழக்கு ‘மனசாட்சி’. அதில் வரும் ‘சாட்சி’ கண்ணால் கண்டவரைக் குறிக்கும் வடசொல். எழுத்தில் ‘மனச்சான்று’ நிலைத்துவிட்டது. சாட்சிக்கு உரிய பழந்தமிழ்ச் சொல் ‘கரி’. ‘தன்நெஞ் சறிவது பொய்யற்க’ என்னும் குறளுக்கு உரை கூறும் பரிமேலழகர், நெஞ்சே கரியாய் நிற்பதாகச் சொல்கிறார். அறிதலும் சாட்சியும் அங்கு ஒருங்கே அமைந்திருப்பதால், இலத்தீன் வேருக்கு இதைவிட நெருக்கமான தமிழ் விளக்கம் வேண்டியதில்லை. ஆகவே மனச்சான்று என்பதையே தயங்காமல் ஆளலாம்.

ஆனால் எல்லா இடத்திலும் அது பொருந்தாது. அதே பாசறைக் காட்சியில் ஹென்றி, அரசரைப் பற்றி என் ‘கான்ஷியன்ஸை’ச் சொல்கிறேன் என்கிறான். அங்கே ‘என் மனத்தில் பட்டதைச் சொல்கிறேன்’ என்பதே சரியான தமிழ்.