கிரிட்லாக்: யாரும் போடாத முட்டுக்கட்டை

யாரும் நகர முடியாமல் ஒருவரை ஒருவர் அடைத்து நிற்கும் நிலைக்கு ஆங்கிலத்தில் ‘கிரிட்லாக்’ என்று பெயர். அமெரிக்க அரசியல் செய்திகளில் அது வந்தால் நம் இதழ்கள் பெரும்பாலும் ‘முட்டுக்கட்டை’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. எளிய சொல், சட்டென்று புரிகிறது. ஆனால் சக்கரம் உருளாதபடி அடியில் வைக்கும் கட்டைதான் முட்டுக்கட்டை. அதைக் கொண்டுவந்து வைத்த கை ஒன்று இருந்தாக வேண்டும். கிரிட்லாக்கில் அப்படி ஒரு கையைத் தேடிப் பிடிப்பது கடினம்.

சொல் பிறந்தது சாலையில். நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவுக்கு 1811இல் ஒரு தெருத் திட்டம் வகுத்தார்கள்: நெடுக்கே 12 அவென்யூ, குறுக்கே 155 தெரு. இப்படிக் கட்டம் கட்டமாக வெட்டிக்கொள்ளும் அமைப்புக்குத்தான் ‘கிரிட்’ என்று பெயர். தணலில் இறைச்சி வாட்டும் இரும்புக் கம்பித் தட்டான ‘கிரிடையர்ன்’ என்ற சொல்லின் சுருக்கம் அது. ‘லாக்’ என்பது பூட்டிக்கொள்வது. 1980 ஏப்ரலில் நியூயார்க்கின் சுரங்க ரயில், பேருந்து ஊழியர்கள் 11 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது இந்தச் சொல் பத்திரிகைகளில் பரவியது. அதைப் பரப்பிய போக்குவரத்துப் பொறியாளர் சாம் ஷ்வார்ட்ஸுக்கு ‘கிரிட்லாக் சாம்’ என்ற பட்டப்பெயரே ஒட்டிக்கொண்டது.

அந்தப் பூட்டு எப்படி விழுகிறது என்று பார்த்தால்தான் அரசியலில் அது எதைச் சொல்கிறது என்பது விளங்கும். நான்கு சந்திகள் கொண்ட ஒரு சதுரம். கிழக்கே போகும் வண்டிக்குப் பச்சை விழுகிறது. முன்னால் இடமில்லை என்று தெரிந்தும் அது சந்திக்குள் நுழைந்து நிற்கிறது. அதனால் வடக்கே போக வேண்டிய வரிசை தேங்குகிறது. அந்த வரிசையின் வால் நீண்டு அடுத்த சந்தியில் மேற்கே போகிறவர்களை மறிக்கிறது. அவர்கள் தெற்கே போகிறவர்களை. கடைசியில் தெற்கு வரிசையின் வால் வந்து முதல் வண்டிக்கு முன்னால் இருக்கும் வழியையே அடைத்துவிடும். எல்லாரும் பச்சை விளக்கில்தான் வந்தார்கள். யாராவது பின்வாங்கினால் ஒழிய வழி திறக்காது. பின்னாலும் வண்டி நிற்கிறது.

எண்பதுகளிலேயே சொல் வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அங்கே பொருத்தமான இடமும் காத்திருந்தது. பதவிக்காலங்களைப் பாருங்கள்: காங்கிரஸ் என்ற அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்கு இரண்டு ஆண்டு, அதிபருக்கு நான்கு, மேலவையான செனட்டின் உறுப்பினர்களுக்கு ஆறு ஆண்டு, அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் தேர்தல். மூவரையும் மக்கள்தான் அனுப்பினார்கள், ஆனால் வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு மனநிலையில். அவரவர் பச்சை விளக்கு அவரவர் கையில்.

இதற்கு மேல் செனட்டின் 60 வாக்கு விதி. மொத்தம் 100 பேர். விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே பெரும்பாலான மசோதாக்களுக்கு 60 பேர் சம்மதிக்க வேண்டும். 1917இல் வந்த விதி மூன்றில் இரண்டு பங்கு கேட்டது. 1975இல்தான் அது 60 ஆகக் குறைந்தது. சாண்டி ஹூக் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, 2013 ஏப்ரலில், துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சோதிப்பதை விரிவாக்கும் திருத்தம் செனட்டுக்கு வந்தது. ஆதரவு 54, எதிர்ப்பு 46. தோற்றது 54. விவாதத்தை முடிக்க விடாமல் மசோதாவைத் தடுக்கும் இந்த உத்திக்கு ‘ஃபிலிபஸ்டர்’ என்று பெயர். கடற்கொள்ளையரைக் குறித்த டச்சுச் சொல் ஸ்பானிஷ் வழியாக வந்து இப்படி ஆனது. தமிழில் சிலர் இதை ‘நீள்பேச்சு’ என்கிறார்கள். இன்றைய செனட்டில் யாரும் நின்று பேசவே வேண்டியதில்லை, 41 பேர் மறுத்தால் போதும் என்பதால் அந்தப் பெயர் பழைய படத்தைத்தான் காட்டுகிறது.

விதிகள் பழையவை என்றால் பூட்டு மட்டும் ஏன் இப்போது இறுகியது? இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964 குடிமை உரிமைகள் சட்டத்தைப் பாருங்கள். தென்மாநில ஜனநாயகக் கட்சியினர் வாரக்கணக்கில் தடுத்தார்கள். கடைசியில் விவாதத்தை முடிக்க 71 பேர் வாக்களித்தார்கள்: 44 பேர் ஜனநாயகக் கட்சி, 27 பேர் குடியரசுக் கட்சி. அன்று ஒவ்வொரு கட்சிக்குள்ளும் இரண்டு கட்சிகள் இருந்தன. 1950இல் அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்தின் குழு ஒன்று, இரு கட்சிகளுக்கும் தெளிவான வேறுபாடு இல்லையே என்று குறைபட்டு அறிக்கையே வெளியிட்டது. கேட்டது கிடைத்துவிட்டது. தென்மாநிலப் பழைமைவாதிகள் குடியரசுக் கட்சிக்கும், வடகிழக்கின் மிதவாதிகள் எதிர்ப்பக்கமும் போய்ச் சேர்ந்தபின், சந்தியில் ஒதுங்கி வழிவிடும் ஆள் இல்லாமல் போனார்.

இனி தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘இழுபறி’ முடிவு தெரியாத நிலையைச் சொல்கிறது. வாக்கு எண்ணிக்கைக்குப் பொருந்தும். ‘தேக்கம்’ பொருளாதாரச் செய்திக்குப் போய்விட்ட சொல். ‘முடக்கம்’ அருகில் வருகிறது, ஆனால் நிதி ஒதுக்கீடு நிறைவேறாமல் அலுவலகங்கள் மூடப்படும் ‘ஷட்டவுனை’ நம் ஊடகங்கள் ‘அரசு முடக்கம்’ என்றே எழுதிப் பழகிவிட்டன. 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள் நீடித்தது அதுதான். ஷட்டவுன் கிரிட்லாக்கின் விளைவுகளில் ஒன்று. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் குழப்பம்தான்.

என் தேர்வு ‘முட்டுநிலை’. ‘முட்டு’ என்பதில் மோதுதலும் உண்டு, தடையும் உண்டு, ‘மூச்சு முட்டுகிறது’ என்னும்போது வருகிற அடைப்பும் உண்டு. எதிரெதிரே முட்டி நிற்கும் எல்லாரும் அதற்குள் அடங்குவார்கள். ‘காங்கிரஸில் முட்டுநிலை’ என்று எழுதலாம். ஒரே ஒரு செனட்டர் ராணுவப் பதவி உயர்வுகளைப் பல மாதம் நிறுத்திவைத்தால், அது தாராளமாக முட்டுக்கட்டை. சாலைக்கு ‘சந்தியடைப்பு’ போதும்.

கிரிட்லாக்கோடு சேர்ந்தே பேசப்படும் ‘இருகட்சி முறை’ என்ற தொடரைத் தமிழில் சொல்வதில் தகராறு இல்லை. அது நீடிக்குமா என்பதில்தான் தகராறு. அமெரிக்க அரசியலமைப்பில் கட்சி என்ற பேச்சே கிடையாது. தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்கு பெற்றவர் வெற்றி என்ற முறை இரு கட்சிகளை நோக்கித் தள்ளும் என்று பிரெஞ்சு அறிஞர் மொரிஸ் துவெர்ஜே 1951இல் விளக்கினார். 1992 அதிபர் தேர்தலில் சுயேச்சை வேட்பாளர் ராஸ் பெரோ ஏறக்குறைய 19 விழுக்காடு வாக்கு வாங்கியும், அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவில் ஓரிடமும் பெறவில்லை. பிரதிநிதிகள் சபைக்குத் தொகுதிக்கு ஒருவர்தான் என்பதைக்கூட 1967ஆம் ஆண்டின் சாதாரணச் சட்டம் ஒன்றுதான் கட்டாயமாக்குகிறது. திருத்த முடியும்; திருத்த வேண்டியவர்கள் அதனால் வென்றவர்கள்.

மாநிலங்களில் மட்டும் கொஞ்சம் அசைவு தெரிகிறது. வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் தரவரிசை வாக்குமுறையை மெய்ன் 2018 முதலும் அலாஸ்கா 2022 முதலும் பயன்படுத்துகின்றன. முதல் தேர்வு தோற்றால் வாக்கு அடுத்த தேர்வுக்குப் போவதால், மூன்றாம் கட்சிக்குப் போட்டால் வாக்கு வீண் என்ற பயத்தை அது குறைக்கும். கட்சிகளை உண்டாக்கித் தராது. 2024 நவம்பரில் கொலராடோ, ஐடஹோ, நெவாடா, ஓரிகன் ஆகிய நான்கு மாநிலங்களின் வாக்காளர்கள் அதை நிராகரித்தார்கள். அதே நாளில் அதை ரத்து செய்ய அலாஸ்காவில் நடந்த முயற்சி ஆயிரத்துக்கும் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றது.