உணவு உறுதி: அதை ஏன் ‘உணவுப் பாதுகாப்பு’ என்கிறோம்?

செய்தித்தாளில் ஒரு பக்கம், உணவு பாதுகாப்புத் துறை அலுவலர்கள் ஷவர்மா கடையில் சோதனை நடத்திக் கெட்டுப்போன கோழிக்கறியைப் பறிமுதல் செய்கிறார்கள். மறுபக்கம், உணவு பாதுகாப்புச் சட்டத்தின்படி மாநிலத்துக்கு வரவேண்டிய அரிசியைப் பற்றி அமைச்சர் பேசுகிறார். இரண்டுக்கும் தொடர்பே இல்லை. முதலாவது, 2006ஆம் ஆண்டின் உணவு பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின் கீழ் நடப்பது. பழைய உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின் இடத்தில் அது வந்து உட்கார்ந்தது. இரண்டாவது, 2013ஆம் ஆண்டின் தேசிய உணவு பாதுகாப்புச் சட்டம். ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் என்று சொல்வது அதுதான். ஆங்கிலத்தில் ஒன்று ‘ஃபுட் சேஃப்டி’, மற்றது ‘ஃபுட் செக்யூரிட்டி’. தமிழில் இரண்டும் ஒரே பெயரில் உலவுகின்றன. ரேஷனில் அரிசி குறைகிறது என்று ஒருவர் உணவு பாதுகாப்பு அலுவலரிடம் போய் நின்றால் அவர் மேல் என்ன தவறு? நாம் வைத்த பெயர் அவரை அங்கே அனுப்பியிருக்கிறது. போதாததற்கு, ரேஷன் கடைகளைக் கவனிக்கும் துறையின் பெயர் ‘கூட்டுறவு, உணவு மற்றும் நுகர்வோர் பாதுகாப்புத் துறை’. அங்கே வரும் பாதுகாப்பு, ‘புரொடெக்‌ஷன்’ என்ற மூன்றாவது சொல்லுக்கானது.

வேர்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘செக்யூரிட்டி’ லத்தீனிலிருந்து வந்தது. ‘செ’ என்றால் இல்லாமல், ‘கூரா’ என்றால் கவலை. ஆக, கவலையற்ற நிலை. ‘சேஃப்’ என்பதற்கு மூலம் ‘சல்வுஸ்’. ஊறுபடாதது, முழுதாக இருப்பது. நம் ‘பாதுகாப்பு’க்கு உயிர் ‘கா’ என்ற வினை. காவல், காப்பு, காவலன், காப்பாற்று எல்லாம் அந்தக் குடும்பம். காக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு பொருள் கையில் இருக்க வேண்டும், அதற்கு வெளியிலிருந்து ஒரு கேடு வரவேண்டும். பயிரைக் காக்கிறோம், குழந்தையைக் காக்கிறோம், சமைத்த சோற்றை ஈ மொய்க்காமல் காக்கிறோம். உலையே ஏறாத வீட்டில் எதைக் காப்பது?

‘ஃபுட் செக்யூரிட்டி’ பேசுவது அந்த உலை ஏறாத வீட்டைப் பற்றி. 1974இல் ரோமில் நடந்த உலக உணவு மாநாட்டில் இந்தச் சொல் பரவலாகப் புழங்கத் தொடங்கியபோது, உலகச் சந்தையில் தானியம் போதுமான அளவு இருக்கிறதா என்பதுதான் கவலையாக இருந்தது. அந்தப் பார்வையை உடைத்தவர்களில் முக்கியமானவர் பொருளியலாளர் அமர்த்தியா சென். 1943 வங்கப் பஞ்சத்தில் உணவு கையிருப்பு 1941இல் இருந்ததைவிடக் குறைவாக இல்லை, ஆனாலும் விவசாயக் கூலிகளும் மீனவர்களும் செத்தார்கள், ஏனென்றால் விலை ஏறிய வேகத்தில் அவர்களுடைய கூலிக்கு அரிசி கிடைக்கவில்லை என்று 1981இல் அவர் வாதிட்டார். 1996இல் அதே ரோமில் கூடிய உச்சி மாநாடு வரையறையை விரித்தது. எல்லா மக்களுக்கும், எல்லாக் காலத்திலும், தேவையான அளவு, தீங்கற்ற, சத்தான உணவு கைக்கு எட்டுவதும் அதை வாங்க வசதி இருப்பதும் என்பது அதன் சாரம். கவனியுங்கள், ‘தீங்கற்ற’ என்பது இந்த வரையறைக்குள் ஓர் உறுப்பு. அதாவது ‘சேஃப்டி’ என்பது ‘செக்யூரிட்டி’யின் ஒரு பகுதி. தமிழில் பகுதிக்கும் முழுமைக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டு, “உணவுப் பாதுகாப்பு என்பது பாதுகாப்பான உணவும் கிடைப்பது” என்று வரையறை எழுதிக்கொண்டிருக்கிறோம். இதைப் படிக்கும் மாணவருக்கு என்ன விளங்கும்?

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இந்தியிலும் இரண்டு சட்டங்களுக்கும் ‘காத்ய சுரக்‌ஷா’தான். ஆனால் ஸ்பானிய மொழியைப் பாருங்கள். அவர்களிடம் ‘செகுரிதாத்’ என்ற ஒரே சொல்தான் இரண்டுக்கும் உண்டு. ஆகவே அதை ‘செக்யூரிட்டி’க்கு விட்டுவிட்டு, ‘ஃபுட் சேஃப்டி’க்கு ‘இனோகுயிதாத்’, அதாவது தீங்கின்மை, என்று தனிச்சொல் எடுத்துக்கொண்டார்கள். ஐ.நா. ஆவணங்களில் அதுதான் வழக்கு. ஜெர்மனில் முன்னொட்டை மாற்றினார்கள்: ஒன்றில் ஊட்டம், மற்றதில் உணவுப்பண்டம். யோசித்துச் செய்தால் வழி பிறக்கும்.

இனி, ‘பாதுகாப்பு’ என்ற சொல் வேண்டாம் என்பவர்கள் கொண்டுவரும் மாற்று: ‘உணவுத் தன்னிறைவு’. இதைத்தான் நான் அதிகம் எதிர்க்கிறேன், ஏனென்றால் இது நல்ல தமிழ். காதுக்கு இனிமையாக இருக்கிறது, பசுமைப் புரட்சிக் காலத்துப் பெருமிதமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனாலேயே யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் தன்னிறைவு என்பது ஒரு நாடு தனக்கு வேண்டியதைத் தானே விளைவிப்பது. அது நாட்டின் கணக்கு. வீட்டின் கணக்கு அல்ல. சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்கிறது. தன்னிறைவு அங்கே இல்லவே இல்லை. ஆனால் அங்கே கடையில் உணவு இருக்கிறது, பெரும்பாலோருக்கு வாங்கவும் முடிகிறது. இந்தியாவில் கதை தலைகீழ். கிடங்குகளில் கோதுமையும் அரிசியும் மலைமலையாகக் கிடக்கின்றன, அரிசியை ஏற்றுமதியும் செய்கிறோம். அதே நாட்டில் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. 2001இல் கிடங்குகள் நிரம்பி வழிந்தபோது ராஜஸ்தானில் மக்கள் பட்டினி கிடந்ததால்தான் உணவு உரிமை வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தரவேண்டும் என்று மாநிலங்களுக்கு உத்தரவு வந்ததும் அந்த வழக்கில்தான். தன்னிறைவு அடைந்த நாட்டில் தொடுக்கப்பட்ட பசி வழக்கு அது. இத்தனைக்குப் பிறகும் இரண்டையும் ஒன்றென்று எழுதுவது மொழிப் பிழையோடு நிற்பதில்லை. ‘தன்னிறைவு பெற்றுவிட்டோம்’ என்ற ஒரு வரியில் பசித்தவரைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட முடிகிறது.

சரி, என்ன சொல்லலாம்? ‘உணவு உறுதி’ என்பேன். இதை நான் புதிதாக உருவாக்கவில்லை. ஏற்கெனவே சிலர் எழுதுவதுதான். இதற்கு முன்மாதிரி நம் ஊர்ப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலேயே இருக்கிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தை ‘தேசிய ஊரக வேலை உறுதி’ என்று மொழிபெயர்த்தவருக்கு என் வணக்கம். பேச்சில் மக்கள் நூறு நாள் வேலை என்று சொன்னாலும், வேலை உறுதி என்று எழுதியதைப் படித்து எவரும் குழம்பவில்லை. ‘வேலைப் பாதுகாப்பு’ என்று எழுதியிருந்தால், இருக்கிற வேலை போகாமல் இருப்பது என்று பொருள்பட்டிருக்கும். வேலை இல்லாதவருக்கு வேலை கிடைக்கும் என்பதை ‘உறுதி’ மட்டும்தான் சொல்கிறது. உணவுக்கும் இதே நியாயம்தான். நாளைக்கும் அடுப்பு எரியும் என்று இன்றே தெரிந்திருப்பது உறுதி. லத்தீனின் ‘கவலையின்மை’க்கும் இது வெகு அருகில் வருகிறது.

உறுதி என்பது ‘கேரண்டி’ ஆயிற்றே, ‘செக்யூரிட்டி’ ஆகுமா என்று கேட்பார்கள். ஒரு சொல் பல இடங்களில் பயன்படுவது மொழியில் இயல்பு. ஒரே துறைக்குள் இரண்டு எதிரெதிர்ப் பொருளில் மோதுவதுதான் தவறு. உணவுத் துறையில் ‘உறுதி’ வேறெதனோடும் மோதவில்லை. எதிர்ச்சொல்லிலும் சோதித்துப் பாருங்கள். 2022 நெருக்கடியில் இலங்கையில் 60 லட்சத்துக்கு மேற்பட்டோர் ‘உணவுப் பாதுகாப்பின்மையால்’ அவதிப்படுகிறார்கள் என்று படித்தால், கெட்டுப்போன உணவைத் தின்றுவிட்டார்கள் என்றும் தோன்றலாம். ‘உணவு உறுதியின்றி’ என்று எழுதினால், அடுத்த வேளைக்கு வழியில்லாத நிலை என்று உடனே புரிகிறது. ‘உணவு உத்தரவாதம்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். பொருள் சரிதான். கையில் உறுதி இருக்கும்போது உத்தரவாதத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை, அவ்வளவே.

அப்புறம், ‘ஃபுட் சேஃப்டி’க்கு? தீங்கின்மை மிகத் துல்லியம். ஆனால் பாதுகாப்பான குடிநீர் என்று பல்லாண்டுகளாகச் சொல்லிப் பழகிவிட்டோம், துறைப் பலகைகளும் எழுதியாயிற்று. அங்கே ‘உணவுப் பாதுகாப்பு’ இருந்துவிட்டுப் போகட்டும். அந்த ‘ப்’ஐ மட்டும் விழுங்காமல் எழுதினால் நல்லது. ‘உணவுத் தூய்மை’ என்பதை ஏற்கமாட்டேன். பளிச்சென்று கழுவிய கத்தரிக்காயிலும் பூச்சிமருந்து எச்சம் இருக்கும். அது தூய்மையாகத் தெரியும், தீங்கற்றதாக இருக்காது.

என் கோபம் ஒரு சொல்லோடு நிற்கவில்லை. அகராதியில் முதலில் கிடைக்கும் சொல்லை எடுத்து ஒட்டிவிட்டு நகரும் பழக்கம்தான் இதற்கெல்லாம் மூலம். இப்போது அடுத்த விபத்தும் நடந்துகொண்டிருக்கிறது. உணவு உறுதிக்கு நான்கு தூண்கள் சொல்வார்கள்: இருப்பு, எட்டுதல், உடலில் சேர்தல், ‘ஸ்டெபிலிட்டி’. 2020இல் ஐ.நா.வின் உலக உணவு உறுதிக் குழுவின் வல்லுநர்கள் ‘சஸ்டெய்னபிலிட்டி’யையும் சேர்க்கச் சொன்னார்கள். தமிழில் எழுதுகிறவர்கள் இரண்டையும் ‘நிலைத்தன்மை’ என்கிறார்கள். ஒரே சொல் பட்டியலில் இரண்டு முறை வருவதைப் பார்த்தும் பேனா நிற்கவில்லை. முதலாவது, பருவம் மாறினாலும் விலை ஏறினாலும் வரத்து அறுந்துபோகாமல் இருப்பது. அதை ‘இடையறாமை’ எனலாம். இரண்டாவது, நாளை விளைவிக்க மண்ணும் நீரும் மிஞ்சியிருப்பது. அதற்கு ‘வளங்குன்றாமை’ என்ற அருமையான சொல் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராகக்கூடப் போகும். நாட்டின் ரேஷன் கிடங்குகள் ஆண்டுதோறும் தவறாமல் நிரம்புவதில் பஞ்சாபின் நெல்லுக்கும் கோதுமைக்கும் பெரிய பங்குண்டு. அதற்காகப் பஞ்சாப், ஆண்டுதோறும் நிலத்தடியில் ஊறுவதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் தண்ணீரை உறிஞ்சுகிறது. இடையறாமை இருக்கிறது, வளங்குன்றாமை இல்லை. ‘நிலைத்தன்மை’யை மட்டும் வைத்துக்கொண்டு இதைத் தமிழில் எழுதினால், “பஞ்சாபின் உற்பத்தியில் நிலைத்தன்மை உண்டு, ஆனால் நிலைத்தன்மை இல்லை” என்றுதான் வரும்.