சேலத்து வெயிலில், மூன்றாம் மாடியில், எந்தப் பூனை?

போன மே மாதம், மதியம் இரண்டரை மணி. அழகாபுரத்தில் ஒரு மூன்றாம் மாடி பிளாட்டிலிருந்து கணவன் மனைவி இருவரும் பெர்சியன் பூனை ஒன்றை ஈரத்துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு எங்கள் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார்கள். அது வாயைத் திறந்து நாய் மாதிரி இரைத்துக்கொண்டிருந்தது. உடம்புச் சூடு 106 டிகிரி. பூனைக்கு 102.5க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும். இருவரும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் கரண்ட் போய் ஏசி நின்றுவிட்டது. ஜன்னல் எல்லாம் அடைத்த வீட்டுக்குள் பூனை மட்டும் இருந்திருக்கிறது. ஆக்சிஜன், குளிர்ந்த தண்ணீர், டிரிப்ஸ் என்று இரவு எட்டு மணி வரை விடாமல் பார்த்தோம். பிழைத்துக்கொண்டது.

கிளம்பும்போது அந்தப் பெண் கேட்டார்: “இந்த ஜாதி ரொம்ப சாது, பிளாட்டுக்கு இதுதான் சரின்னு சொல்லித்தானே டாக்டர் கொடுத்தாங்க?”

சாதுதான். பொய் சொல்லி விற்கவில்லை. ஆனால் சேலத்தில், மேற்குப் பார்த்த ஹாலில், பகல் முழுக்கத் தனியாக இருக்கப்போகும் பூனை என்று அவர்கள் யாரிடமும் சொல்லவும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. பூனையை வாங்கிவிட்டுத்தான் எல்லோரும் எங்களிடம் வருகிறார்கள். வாங்குவதற்கு முன்னால் ஒருமுறை வந்து, உங்கள் வீடு எப்படி, யார் எத்தனை மணிக்கு வருவார்கள் என்று சொன்னால், எந்தப் பூனை என்பதைப் பாதிக்கு மேல் அங்கேயே முடிவு செய்துவிடலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெர்சியனின் அந்தத் தட்டை முகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பூனைக்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். சூடு தாங்காதபோது மூச்சை இரைத்துத்தான் உடம்பு ஆற வேண்டும். பெர்சியனின் மூக்கு உள்ளே அழுந்தி, மூச்சுப் பாதை குறுகி இருக்கிறது. அதன் மேல் அடர்ந்த முடி. நம் ஊரில் வெயில் 40 டிகிரியைத் தொடுகிற நாட்களில் அந்த மூக்கு போதாது. கண்ணீர் வடியும் குழாயும் வளைந்திருப்பதால் கண்ணோரம் எப்போதும் ஈரமும் அழுக்குமாக இருக்கும். தினமும் துடைக்க வேண்டும், தினமும் சீவ வேண்டும். சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் ஒரு பரம்பரை நோயும் இந்த இனத்தில் அதிகம். தாய் தந்தையில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிக்கு வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. வாங்குவதற்கு முன் தாய்க்கும் தந்தைக்கும் ஸ்கேன் எடுத்தீர்களா என்று கேளுங்கள். கேட்டதும் விற்பவர் முகம் மாறினால் அங்கே வாங்க வேண்டாம்.

ஏற்காட்டில் வீடு இருப்பவர்கள், “எங்களுக்குப் பிரச்சினை இல்லையே டாக்டர், மேலே குளிர்தானே” என்பார்கள். ஆண்டு முழுக்க மேலேயே இருக்கப்போகிற பூனை என்றால் வெயில் கவலை பெரிதும் குறையும், உண்மைதான். வாரம் ஒருமுறை இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றி இறக்குவது வேறு கதை. வழியெல்லாம் வாந்தியும் எச்சிலுமாக வரும் பூனைகளைப் பார்த்திருக்கிறேன். பூனைக்கு ஆளை விட இடம் முக்கியம். இரண்டு வீட்டு வாழ்க்கை பெரும்பாலான பூனைகளுக்கு ஒத்துவராது.

மடிந்த காது கொண்ட ஸ்காட்டிஷ் ஃபோல்டை வேண்டாம் என்றே சொல்வேன். காதை மடக்குகிற அதே மரபணுக் கோளாறுதான் கால் மூட்டுகளையும் வால் எலும்பையும் கெடுக்கிறது. வலியோடு வாழும் பூனை அது, அழகுக்காக நாம் உண்டாக்கிய வலி. சிறுத்தைப்புள்ளி கொண்ட பெங்கால் பூனைக்கு ஓடவும் ஏறவும் நிறைய இடம் வேண்டும். இரண்டு படுக்கையறை பிளாட்டில் அது தன்னையும் உங்களையும் தூங்கவிடாது. வெள்ளை முடியும் இரண்டு நீலக்கண்ணும் உள்ள பூனைகளில் பாதிக்கு மேல் காது கேளாதவை. வீட்டுக்குள்ளேயே இருக்கும் என்றால் அதை வளர்ப்பதில் தவறே இல்லை. தெரிந்து எடுங்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் நாட்டுப்பூனைதானா? ஆமாம், பெரும்பாலும் என் பதில் அதுதான். குட்டை முடி, நீண்ட மூக்கு, இந்த வெயிலுக்குப் பழகிய உடம்பு. ஆனால் எந்த நாட்டுப்பூனை என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள்.

பூனைக்குட்டி மனிதர்களோடு பழகிக்கொள்ளும் காலம், பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை. அந்த நாட்களில் மனிதக் கை படாமல், கார் ஷெட்டில் ஒளிந்தே வளர்ந்த மூன்று மாதக் குட்டியைப் பாவம் பார்த்துப் பிடித்துவந்தால், அது வாஷிங் மெஷினுக்குப் பின்னாலேயே வாழும். அதே போல், நான்கு தெருவுக்கு ராஜாவாகத் திரிந்த மூன்று வயது கடுவனை பிளாட்டில் பூட்டினால் இரவெல்லாம் கதவைப் பிறாண்டிக் கத்தும். இரண்டுமே பூனையின் குற்றமில்லை. இன்னொரு பக்கம், பழகட்டும் என்று நான்கைந்து வாரத்திலேயே தாயிடமிருந்து பிரிக்கிறார்கள். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதை ஒரு குட்டி கூடப்பிறந்தவற்றோடு விளையாடித்தான் கற்றுக்கொள்கிறது. அதைக் கற்காமல் வந்த குட்டி உங்கள் கையில் கற்கும். எட்டு வாரமாவது தாயோடு இருக்கட்டும். பன்னிரண்டு என்றால் இன்னும் நல்லது.

இருவரும் காலையில் போய் இரவு வரும் வீடா? ஒற்றைக் குட்டி எடுக்காதீர்கள். சூரமங்கலத்திலிருந்து வந்த ஒரு இளம் ஜோடி, “ராத்திரி பூரா காலைக் கடிக்குது டாக்டர், திருப்பிக் கொடுத்துடலாமான்னு இருக்கு” என்றார்கள். பகல் பத்து மணி நேரம் தூங்கிய குட்டி பிறகு என்ன செய்யும்? அதே ஈற்றில் பிறந்த இன்னொன்று கொடுத்த வீட்டிலேயே இருந்தது. அதையும் எடுத்துவரச் சொன்னேன். பத்து நாளில் கடி நின்றது. இரண்டு பூனைக்குச் செலவு இரட்டிப்புதான், மறைக்கவில்லை. முடியாது என்றால் வளர்ந்த பூனையாக ஒன்று எடுங்கள்.

வளர்ந்த பூனையை யாரும் கேட்பதே இல்லை, எனக்கு அதில் தீராத வருத்தம். வேலை மாறுதல், கல்யாணம், குழந்தை என்று ஏதோ காரணத்தால் வீடிழந்த பூனைகள் எப்போதும் இருக்கின்றன. கர்ப்பம் என்று தெரிந்ததும் பூனையை வெளியே விடுகிறவர்களும் உண்டு. அந்த பயம் டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமியைப் பற்றியது. பூனையின் கழிவில் வரும் அதன் முட்டை தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். கர்ப்பிணி தவிர வேறு யாராவது தினமும் மண்பெட்டியைச் சுத்தம் செய்து, பூனைக்குப் பச்சை இறைச்சி தராமல் இருந்தால், வீட்டுக்குள் இருக்கும் பூனையை விரட்ட அவசியமில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தனியாக இருப்பவர், வெள்ளைக் குட்டி ஒன்று வேண்டும் என்று வந்தார். முழங்கால் வலிக்காரர். குட்டி என்றால் திரைச்சீலையில் ஏறும், நடக்கும்போது காலுக்குள் புகும், அவர் விழுந்தால் தூக்க ஆளில்லை. ஏழு வயதில் வீடிழந்த ஒரு மூவண்ணப் பூனையைப் பற்றிச் சொன்னேன். ஏற்கெனவே பிளாட்டில் வளர்ந்தது, கருத்தடை ஆனது, மண்பெட்டி பழகியது. “வயசான பூனையா?” என்று முகம் சுருங்கினார். வீட்டுக்குள் வளரும் பூனை பதினைந்து வயது வரைகூட இருக்கும், இது பாதியைக்கூடத் தாண்டவில்லை என்றேன். மூன்று நாள் யோசித்துவிட்டு எடுத்துக்கொண்டார். செல்லி என்று பெயர் வைத்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மக்காச்சோளமோ கரும்போ அறுக்கும்போது கிடைத்தது என்று குட்டிகளைக் கொண்டுவருகிறார்கள். கால் நீளம், வால் குட்டை, காது நுனியில் மெல்லிய கருமுடி என்று இருந்தால் அது காட்டுப்பூனைக் குட்டி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வளர்க்கக்கூடாது. தாய் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும். எடுக்காமல் விலகி நில்லுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

சரி, பூனையைப் பார்க்கப் போயாயிற்று. தூக்காதீர்கள். தரையில் உட்கார்ந்து பத்து நிமிடம் சும்மா இருங்கள். அதுவாக வருகிறதா என்று பாருங்கள். சாவிக்கொத்தைக் கீழே போடுங்கள். திடுக்கிட்டு ஓடினால் பரவாயில்லை, கொஞ்ச நேரத்தில் என்னவென்று பார்க்கத் திரும்பி வர வேண்டும், அந்தப் பூனைதான் பிளாட்டில் குக்கர் விசிலுக்கும் காலிங் பெல்லுக்கும் பழகும். காதுக்குள் காப்பித்தூள் மாதிரி கறுப்பு அழுக்கு இருந்தால் காதுப் பூச்சி. வட்டமாக முடி கொட்டியிருந்தால் படை, அது குழந்தைகளுக்கும் ஒட்டும். இரண்டும் குணமாகக்கூடியவை. மூக்கு ஒழுகி, சாப்பிடாமல் மூலையில் கிடக்கும் குட்டியை மட்டும் டாக்டரிடம் காட்டாமல் எடுக்காதீர்கள். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா, அலர்ஜி என்றால் இரண்டு முறை போய் ஒரு மணி நேரமாவது அதனோடு இருந்து பாருங்கள். அலர்ஜி வருவது முடியால் இல்லை, எச்சிலிலும் தோலிலும் உள்ள புரதத்தால். முடி குறைந்த இனம் என்பதை நம்பி வாங்க வேண்டாம்.

ஆணா பெண்ணா என்பது கருத்தடை செய்துவிட்டால் பெரிய கேள்வியே இல்லை. நாலைந்து மாதத்திலேயே பெட்டை சினைக்குக் கத்த ஆரம்பிக்கலாம், கடுவன் சுவரில் பீய்ச்ச ஆரம்பிக்கலாம். அதற்கு முன் செய்துவிடுங்கள். ஆண் பூனையில் ஒரு எச்சரிக்கை உண்டு. உலர் தீவனம் மட்டும் தின்று, தண்ணீர் குறைவாகக் குடித்து, உட்கார்ந்தே பருக்கும் கடுவனுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். மண்பெட்டியில் திரும்பத் திரும்பப் போய் முக்கி, ஒன்றும் வரவில்லை என்றால் காலை வரை காத்திருக்காதீர்கள். ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும்.

சைவ வீட்டுக்காரர்களும் இதை யோசித்தே ஆக வேண்டும். பூனை இறைச்சி உண்ணியாகவே படைக்கப்பட்டது. டாரின் என்ற சத்து முக்கியமாக இறைச்சியிலும் மீனிலும் இருக்கிறது, அது குறைந்தால் கண்பார்வையும் இதயமும் கெடும். பாலும் தயிர்சாதமும் போதாது. சமையலறையில் மீன் வேகக்கூடாது என்றால், பாக்கெட் தீவனத்துக்காவது மனம் ஒப்ப வேண்டும். ஒப்பாத வீட்டுக்குப் பூனை வேண்டாம்.

பால்கனியை அடைத்த பிறகுதான் பூனை வர வேண்டும், எந்தப் பூனையானாலும். கொசுவலையை நகத்தால் கிழித்துவிடும், கம்பிவலை போடுங்கள். பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலில்தான் நிற்கும் என்பதை நம்பி எத்தனை பேர் வந்திருக்கிறார்கள். நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்த 132 பூனைகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 1987இல் வெளியானது. சிகிச்சை பெற்றவற்றில் பத்தில் ஒன்பது பிழைத்தன. ஆனால் நுரையீரல் அடிபட்டு, மேல்வாய் பிளந்து, கால் ஒடிந்து வரும் பூனைகளைத்தான் நான் மேஜையில் பார்க்கிறேன். பெரும்பாலும் புறாவை எட்டிப் பிடிக்கப் போய் விழுந்தவை.

செல்லி முதல் எட்டு நாள் பீரோவுக்கு அடியிலேயே இருந்தாள். ஆசிரியை தினமும் போன் செய்தார். ராத்திரியில் சாப்பிடுகிறாளா, மண்பெட்டிக்குப் போகிறாளா என்று மட்டும் கேட்டேன். இரண்டுக்கும் ஆமாம். அப்படியானால் கையை விட்டு இழுக்காதீர்கள், அந்த அறையிலேயே உட்கார்ந்து புத்தகம் படியுங்கள் என்றேன். ஒன்பதாம் நாள் தானாக வந்து செருப்பின் மேல் படுத்துக்கொண்டதாம். போன வாரம் எடை பார்க்க வந்திருந்தாள். 4 கிலோ 200 கிராம். அரைக் கிலோ குறைக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.